மைனாவின் முகவரி

சிவப்பு வரி மறுபடியும் வந்தது: இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது.

"யாருகிட்ட இருக்குன்னு சொல்லித் தொலைச்சா என்னவாம்?" கம்ப்யூட்டர்காரர் திரையை முறைத்தார். அலுவலகப் பெயர்ப் பட்டியலை மின்னஞ்சல் சர்வரின் பட்டியலோடு ஒத்திசைப்பது அவர் வேலை. எல்லாப் பெயர்களும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தியின் பெயர் மட்டும் வாசலிலேயே நின்றது. அந்த ஒருத்தி அவருடைய மனைவி.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "ஏங்க, புதுக் கிளையோட கணக்குப் பொறுப்பு எனக்கா இல்லையான்னு இன்னிக்கு மெயில் வரும். என் ஆபீஸ் முகவரியிலேர்ந்து நாலு மணிக்குள்ள பதில் போடலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"தெரியும் மைனா."

"தெரிஞ்சு என்ன? ஊருக்கெல்லாம் மெயில் குடுக்கிறீங்க, பொண்டாட்டிக்கு மட்டும் கதவைச் சாத்திட்டீங்க."

வாய் ஓயாதவள் என்பதால் வீட்டில் அவர் வைத்த பெயர் மைனா. அவளுக்கும் பிடித்துப்போய், அலுவலக முகவரிக்கும் அதையே கேட்டிருந்தாள்; மேலிடத்துக்கும் அதையே எழுதிக் கொடுத்திருந்தாள். ஆட்களின் பட்டியலை அவர் சல்லடை போட்டுச் சலித்தார். வேறு மைனா இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ பறவை அந்த முகவரியில் கூடு கட்டியிருந்தது.

மூன்றரைக்கு ஸ்டோர்க்காரர் ஒரு தாளை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"சார், கீழ இருக்கிற பிரிண்டர் தானா துப்புது! யாரோ மைனாவாம், புதுக் கிளைப் பொறுப்பாம். பறவைக்கெல்லாம் வேலை குடுக்கிறாங்களா சார்?"

அவள் தாளைப் பிடுங்கிப் படித்துத் துள்ளினாள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்தப் பிரிண்டருக்கு மைனா என்றே அவர் எப்போதோ வைத்து மறந்துபோன தனி முகவரி உண்டு; வருகிற மெயிலை அச்சடித்துத் தள்ளும். ஆட்களிடையே தேடினாரே தவிர, இயந்திரங்களிடையே அவர் தேடவேயில்லை.

பிரிண்டரின் முகவரியை நீக்கி ஒத்திசைவை ஓடவிட்டார். சிவப்பு வரி மறைந்தது. புது வீடுபோல் வெறுமையாக ஓர் அஞ்சல்பெட்டி திறந்தது. மணி நாலடிக்கும் முன்பே அவள் பதில் பறந்துவிட்டது.

பிறகுதான் அவள் திரும்பினாள். "ஆமா, பிரிண்டருக்கு எதுக்கு என் பேரு?"

"அப்ப நீ வேற ஊர்ல வேலையில இருந்த. இங்க நான் மட்டும். அது நாள் பூரா கடகடன்னு பேசிக்கிட்டே இருந்துச்சா... உன் ஞாபகம் வந்துடுச்சு."

கோபப்பட நினைத்தாள், சிரிப்பு முந்திக்கொண்டது. "சரி, இனி அதுக்கு நான் பேர் வைக்கிறேன். மாப்பிள்ளை."

"ஏன்?"

"சும்மா சும்மா கோச்சுக்கிட்டு நின்னுடுதுல்ல?"

கேட்டுக்கொண்டிருந்த ஸ்டோர்க்காரர் சிரித்தபடி இறங்கிப் போனார். சற்று நேரத்தில் கீழிருந்து அவர் குரல் வந்தது: "சார், பேப்பர் சிக்கிக்கிச்சு! மாப்பிள்ளையைச் சமாதானப்படுத்த சீக்கிரம் வாங்க!"