பச்சத்தண்ணி

பிளம்பர் துரைராசு போன் செய்தபோது இசைவாணி திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் மாமனாருக்கு இன்சுலின் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சோலார் வேலை முடிஞ்சுது. பச்சை லைன மட்டும் தொறந்து விட்டிருக்கேன். வெள்ளையில பசை காயணும், நாளைக்கு வந்து விடுறேன். அதுவரைக்கும் பாத்துப் பொழங்குங்க. அடிக்கிற வெயிலுக்குத் தண்ணி கொதிச்சுக் கெடக்கு."

"மாமாகிட்ட சொன்னியா?"

"சொல்லாம வருவனா? பச்ச மட்டும்தான் வரும், பாத்துக்கங்கன்னேன். சரிப்பான்னாரு. வயலுக்குப் போய்ட்டு அப்பத்தான் வந்தாரு. காலெல்லாம் சேறு."

மருந்தை வாங்கிப் பையில் போட்டாள். வண்டிச் சாவியைத் திருப்பும்போதுதான் அந்தச் சொல் அவளுக்கு உறைத்தது. பச்ச. துரைராசுவுக்கு அது குழாயின் நிறம். சுடுதண்ணீருக்குப் பச்சைக் குழாய், குளிர்ந்த தண்ணீருக்கு வெள்ளை. ஆனால் எழுபது வயதுவரை ஆற்றிலும் அடிபம்பிலும் குளித்த மாமனார் வைரக்கண்ணுவுக்குப் பச்ச என்றால் பச்சத்தண்ணி. சில்லென்ற தண்ணீர்.

சர்க்கரை அவருடைய கால்களிலிருந்து உணர்ச்சியைக் கொண்டுபோய் வெகுநாளாயிற்று. போன அறுவடையில் நெல்தாள் குத்தியதே தெரியாமல் நடந்து, புண்ணாகி, ஒரு விரலை எடுக்க வேண்டியிருந்தது. இன்னொரு புண் வந்தால் முழங்காலோடு போகும் என்று டாக்டர் அவளிடம்தான் சொன்னார். அவரிடம் அவள் சொல்லவில்லை.

சோலார் வேண்டும் என்று நின்றதும் அவள்தான். போர் தண்ணீரின் உப்பு படிந்து பழைய கீசர் கரண்டைத்தான் குடித்தது. தண்ணீரைச் சுட வைக்கவில்லை. சுவருக்குள் போன இரும்புக் குழாய்களும் துருவேறிக் கசிந்தன. கத்தாரில் இருக்கும் கணவன் அன்பரசனிடம் பேசிப் பேசி எல்லாவற்றையும் மாற்றச் சம்மதம் வாங்கினாள். மாமனாருக்குச் சிரிப்பு. "வெயில புடிச்சுக் குழாயில உடப்போறானுவளாம். நெல்லையும் மாடியிலயே போட்டு அவிச்சுடு தாயி" என்றார்.

அவருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. சட்டைப்பையில் இருக்கும், சட்டை ஆணியில் தொங்கும். பக்கத்து வீட்டு ஹமீதா பானுவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஓடுங்க. மாமா கால் கழுவப் போயிருப்பாரு. கொழாயில கொதிக்கிற தண்ணி வருது. மூடச் சொல்லுங்க."

செருப்புச் சத்தம். கேட்டுக் கதவு கிறீச்சிட்டது. பிறகு ஹமீதாவின் குரல். "அண்ணே, அது சுடுதண்ணியாம். மூடுங்கண்ணே."

உள்ளிருந்து ஏதோ பதில் வந்தது.

"என்னக்கா சொல்றாரு?"

"சுடலயேங்கிறாரும்மா."

"கைய வச்சுப் பாக்கச் சொல்லுங்கக்கா. காலு வேணாம், கையி. இல்லன்னா கதவத் தள்ளிட்டு உள்ள போயிடுங்க."

"ஆம்பள குளிக்கிற எடத்துல நான் எப்புடிம்மா..." என்று இழுத்தவள், மறுபடி கதவைத் தட்டினாள். "அண்ணே. அண்ணே." தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆற்றங்கரைச் சாலையில் வண்டி பறந்தது. புதுத் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போயிற்று. அதைப் பார்க்கத்தான் அந்த மனுஷன் போக வேண்டாம் என்று சொல்லியும் வெறுங்காலோடு வயலுக்குப் போயிருக்கிறார். நாற்றங்கால் திருப்பத்தில் சேறு சொட்டும் டிராக்டர் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. ஹாரனை அழுத்தியபடியே மண்ணில் இறங்கி ஏறினாள்.

ஹமீதா முக்காட்டைப் பற்களில் கடித்துக்கொண்டு குளியலறைக் கதவில் தோளை வைத்து முட்டிக்கொண்டிருந்தாள். இசைவாணியும் சேர்ந்து தள்ள, தாழ்ப்பாள் பிய்ந்து வந்தது.

உள்ளே ஆவி. வைரக்கண்ணு ஸ்டூலில் வேட்டியை மடித்துக் கட்டி, கைகளை முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். இரண்டு கால்களும் அகலமான பேசினுக்குள். தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கியிருந்ததால் கால்கள் தெரியவில்லை.

"என்ன தாயி, கதவப் போட்டு ஒடைக்கிறீங்க? காஞ்ச சேறு, ஊறட்டுமேன்னு வச்சிருக்கேன். மொதல்ல கைய வச்சுப் பாத்துட்டுத்தான் ஒக்காந்தேன். சில்லுன்னுதான் வந்துச்சு."

குழாயில் தங்கியிருந்த தண்ணீர். அது முதலில் அப்படித்தான் வரும். இசைவாணி குழாயை மூடிவிட்டு, பேசினுக்குள் விரலை விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவர் அந்த விரலைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தை. மெல்லத் தன் கையைத் தண்ணீரை நோக்கி இறக்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இது பச்சத்தண்ணிதானே?" குரல் சிறுத்திருந்தது.

அவள் இரண்டு கால்களையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஹமீதா அடுப்படியிலிருந்து குடிதண்ணீர்க் குடத்தையே தூக்கி வந்தாள். கணுக்காலிலிருந்து விரல் இடுக்குவரை களிமண் இன்னும் கெட்டியாக அப்பியிருந்தது. இசைவாணி சொம்பில் மொண்டு ஊற்றினாள். சேற்றைத் தேய்க்க அவளுக்குப் பயமாயிருந்தது. மறுபடி ஊற்றினாள். மண் இளகி, மெல்லிய கோடுகளாக அவள் புடவையில் இறங்கத் தொடங்கியது. மூன்று பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.