மடிப்பு விட்டுக் கட்டிய அறை

டெய்லர் வீட்டின் பின்பக்கம் புதிதாகக் கட்டிய அறை முதல் வருடத்தில் இரண்டு விரற்கடை நீண்டது. சிமெண்டு விலையும் அதே வருடம்தான் ஏறியது என்பதால் தெருவில் எல்லோரும் சிமெண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அறை நீண்டது டெய்லருக்கே தெரியாது. பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், ஒரு கதவு, இரண்டு ஜன்னல், மேலே மட்டமான கான்கிரீட் தளம். இதை முடிப்பதற்குள் அந்த மனுஷன் நாய் படாத பாடு பட்டுவிட்டார். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். இவர் இரண்டையும் ஒரே வருடத்தில் பார்த்தவர்.

கல்யாணம் மகனுக்கு. அதுவரை வீட்டில் இருந்தது ஒரு முன்னறை, ஒரு சமையலறை, ஒருவர் திரும்பினால் இன்னொருவர் எழுந்து நிற்க வேண்டிய ஒரு படுக்கையறை. முன்னறையில் தையல் மெஷின், துணி வெட்டும் மேஜை, பொத்தான் டப்பாக்கள், அளவு கொடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற வாடிக்கையாளர்கள். அச்சகத்தில் வேலை பார்க்கும் புது மருமகள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு அவர்கள் நடுவில் புகுந்து போக வேண்டியிருந்தது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த மகன் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான், “ஒரு ரூம் இருந்தா இங்கயே இருந்துக்கறோம்பா. இல்லன்னா ரெண்டு தெரு தள்ளி ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன்.” டெய்லருக்கு ஒரே பிள்ளை. அவன் இருமினால் காதில் விழ வேண்டும், அவன் செருப்பு வாசலில் கிடக்க வேண்டும். அதற்கு மேல் அவருக்கு உலகத்தில் ஆசை என்று எதுவும் இல்லை. “கட்டிடலாம்டா” என்று அப்போதே சொல்லிவிட்டார், கையில் எவ்வளவு இருக்கிறது என்று யோசிக்காமல்.

வரைபடம் போட இன்ஜினியர் கேட்ட தொகையைக் கேட்டுவிட்டு, ஊரில் பாதிப் பேருக்கு அளவெடுத்த எனக்கு ஒரு அறைக்கு அளவெடுக்கத் தெரியாதா என்று டெய்லரே பழுப்புத் தாளை விரித்துச் சாக்குக்கட்டியால் வரைந்தார். வம்பு அங்கேதான் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கால்சட்டைக்குக் கீழே மூன்று விரல் துணியை உள்ளே மடித்துத் தைப்பது அவர் வழக்கம். பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம், புதுத்துணி வாங்கும் செலவு மிச்சம். கைப்பழக்கத்தில் அறையின் நீளவாக்கிலும் அப்படி ஒரு புள்ளிக்கோடு போட்டுவிட்டார். கொத்தனார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன மாஸ்டர், புள்ளி புள்ளியா?”

“மடிப்பு. பின்னால பிரிச்சு விட்டுக்கலாம்.”

“மாஸ்டர், இது ரூமு. வளராது.”

“இருந்துட்டுப் போகட்டுமே, வீணாவா போயிடும்?”

கொத்தனார் அதிகம் வாதாடும் ஆள் இல்லை. தளம் போடும்போது அந்தக் கடைசிப் பக்கத்துக் கம்பிகளை மட்டும் நாலு விரல் உள்ளே மடித்துவிட்டு மேலே கலவையைக் கொட்டினார். தளத்துக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி, எத்தனை அடி இருக்கிறதோ அத்தனைக்கு என்று பேச்சு. தண்ணீர் ஓட வாட்டம் வைத்து, முட்டுகளைப் பிரித்து, வெள்ளையடித்து, மகனும் மருமகளும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு குடியேறியபோது டெய்லர் வீட்டுக்காரியின் கையில் இரண்டு வளையல் குறைந்திருந்தது.

அறை நீள்வதை முதலில் காட்டிக்கொடுத்தது ஜன்னல் திரை. சுவர் முழுக்க மறைக்கிற மாதிரி அவரே தைத்தது, இரண்டாம் வருடம் ஒரு முழம் பற்றவில்லை. முப்பது வருடத் தொழிலில் அளவு தவறாத மனுஷன், வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் துணி சுருங்கிவிட்டது என்று வேறு துணி எடுத்துத் தைத்தார். ஆறு மாதத்தில் அதுவும் பற்றவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பதினேழு அடி. வெளியே வந்து அதே சுவரை அளந்தார். பன்னிரண்டடிதான், பக்கத்து வீட்டு வேலியும் இருந்த இடத்தில் இருந்தது. மறுபடி உள்ளே போனார், பதினேழு. அன்று அவர் வெட்டிய நாலு சட்டையும் யாருக்கும் சேரவில்லை. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை என்று மனைவியிடம் சொன்னபோது அவள், “அளவெடுக்கற ஆளுக்கே அளவு தெரியலன்னா நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?” என்று கேட்டுவிட்டு உலையில் அரிசி போடப் போய்விட்டாள்.

மூன்றாம் வருடம் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் ஏணி போட்டுத் தளத்தின் மேல் ஏறினார். தெருவில் நின்று பார்த்தால் சின்னத் தளம். ஏறியவர் மறுகோடிக்குப் போய்த் திரும்ப ஒரு பீடி நேரம் ஆனது. இறங்கி வந்து கூடுதல் சதுர அடிக்குக் கூலி கேட்டார். “நீங்க கைய வச்சு வேலை செஞ்சீங்களா?” என்று டெய்லர் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். “நான் செய்யலம்மா. எனக்கே ஒண்ணும் புரியல. ஆனா பேச்சு, தளம் இருக்கற அடிக்குத்தானே?” என்றார் அவர், உண்மையிலேயே குழம்பிப்போய். டெய்லர் கொடுத்துவிட்டார். வாக்கு வாக்குதானே. வீட்டு வரிக்காரரும் வருடா வருடம் வந்து, ‘வளர்கிறது’ என்று எழுத நோட்டில் கட்டம் இல்லாததால் ‘திருத்தம்’ என்று எழுதிக்கொண்டு போனார். புதிதாக ஜன்னல் வைக்க வேண்டியிருந்தது, வருடத்துக்கு ஆறு. எந்த ஜன்னலில் எட்டிப் பார்த்தாலும் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் அதே துணிதான் தெரிந்தது. மழை பெய்தால் மறுகோடியில் விழுந்த தண்ணீர் குழாய்க்கு வந்து சேர மறுநாளானது.

இதெல்லாம் செலவு என்றால் செலவுதான். ஆனால் டெய்லரை அரித்தது வேறு. கட்டிலும் பீரோவும் மறுகோடிச் சுவரோடு ஒட்டிக் கிடந்தன, சுவர் போகப் போக அவையும் போயின. முதல் வருடம் மகன் புரண்டு படுப்பது கேட்டது. பிறகு இருமல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. வேலை முடிந்து வந்தவன், “வரேன்பா” என்று முன்னறையைத் தாண்டிப் போனால் முதுகு சின்னதாகிக்கொண்டே போகும், டெய்லர் ஊசியில் நூல் கோத்து நிமிர்வதற்குள் ஆள் இருக்கமாட்டான். சமைத்ததைக் கொண்டுபோனால் ஆறிவிடுகிறது என்று மருமகள் அங்கேயே ஓர் அடுப்பு வைத்துக்கொண்டாள். கோபமெல்லாம் இல்லை, தூரம்தான். நான்காம் வருடம் ஒரு காலை, மனைவி காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள், “அன்னிக்கே போக விட்டிருந்தா ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்திருப்பான்.” டெய்லர் காப்பியைத் தொடவில்லை. பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும் என்று காசைக் கொட்டி அவனைத் தூர அனுப்பிவிட்டோமே என்று அவர் நெஞ்சு எரிந்தது.

நடுவில் சுவர் வைத்து நிறுத்திவிடலாமா என்று கொத்தனாரைக் கேட்டார். “வைக்கலாம் மாஸ்டர். ஆனா உங்க பையன் அந்தப் பக்கம்ல இருப்பான்?” என்றார் கொத்தனார். டெய்லர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

பேத்தி பிறந்தது அந்த வருடம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த குழந்தையை முன்னறையில் ஒருமுறை கொஞ்சக் கொடுத்துவிட்டு உள்ளே கொண்டுபோனார்கள். குழந்தை தூங்கவே இல்லை. கொழுகொழுவென்று இருந்தது, பால் குடித்தது, அழுதது, தூங்கமட்டும் மறுத்தது. டாக்டர் ஒன்றுமில்லை என்றார். மருமகளின் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்தது. டெய்லர் பார்க்கப் போவார். போய்ச் சேர்வதற்குள் தொழில் நேரம் வந்துவிடும், தலையைத் தடவிவிட்டுத் திரும்புவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே திரை தைக்க வேண்டியிருந்தது. முன்னறையில் அளந்து வெட்டினால் கொண்டுபோவதற்குள் பற்றாமல் போகிறது என்பதால், மெஷினையே தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். வழியில் இரண்டு இடத்தில் இறக்கி மூச்சு வாங்கினார். ஜன்னலோரம் வைத்துத் தைக்க ஆரம்பித்து நாலு முழம் ஓடியிருக்கும், குழந்தையின் அழுகை நின்றது. மருமகள் எட்டிப் பார்த்தாள். தூங்கிவிட்டது. திரை முடிந்து மெஷினை நிறுத்தினார், குழந்தை விழித்து வீரிட்டது.

“மாமா, நிறுத்தாதீங்க.”

தைக்கத் துணி இல்லை. வெறும் மெஷினை, நூல்கூட இல்லாமல், சாயங்காலம் வரை ஓட்டினார். எழுந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. மருமகள் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றாள்.

“மாமா, மெஷின் இங்கயே இருக்கட்டும்.”

“அளவு குடுக்க ஆளுங்க வருவாங்களேம்மா. உங்களுக்குத் தனியா இருக்கணும்னுதானே இந்த ரூமே?”

“வரட்டும் மாமா. நடுவுல ஒரு திரை போட்டுக்கலாம். நீங்களும் அத்தையும் வந்துடுங்க. இவ்வளவு தள்ளி இருக்கவா நாங்க ரூம் கேட்டோம்?”

டெய்லருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. டெய்லர் வீட்டுக்காரி அந்த வாரமே, “பழைய வீட்டுல நான் மட்டும் பேய்க்குக் காவலா?” என்று பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இப்போது சுவர் நகரும் அளவுக்கு மெஷினையும் மேஜையையும் வருடத்துக்கு ஒருமுறை எல்லோருமாகச் சேர்ந்து நகர்த்துகிறார்கள். மகன் அந்த வாரம் லீவு போடுகிறான். வாடிக்கையாளர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு நடந்து பழகிவிட்டார்கள். பாதி தூரத்தில் ஒரு பெஞ்சும் ஒரு பானைத் தண்ணீரும் இருக்கின்றன.

போன மாதம் மருந்துக்கடைக்காரர் தன் வீட்டிலும் மட்டமான தளம் போட்டு ஓர் அறை இழுத்துக் கட்டலாம் என்று யோசித்து, மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று கேட்டுவிட்டுப் போக வந்தார். நல்ல வெயில். டெய்லர் தைத்துக்கொண்டிருந்தார், மேஜைக்குக் கீழே துணிக்குவியலில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தார். டெய்லர் காலை மிதியிலிருந்து எடுக்காமல், உதட்டில் விரலை வைத்து, உட்காருங்கள் என்று ஸ்டூலைக் காட்டினார். அவர் உட்கார்ந்தார். அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். குழந்தை எழவில்லை, மெஷினும் நிற்கவில்லை. கடையைத் திறக்க நேரமாகிவிட்டதால், செலவு எவ்வளவு என்று தெரியாமலே அவர் எழுந்து வாசலை நோக்கி நடந்தார்.