எல்லா சுவிட்சும் ஆஃப்

லைன்மேனுக்கு உயரம் என்றால் பயமில்லை. மழை, இருட்டு, நாய் எதுவும் பயமில்லை. மேலதிகாரி என்றால் சுத்தமாக இல்லை. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்ததும் பயம் வந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவர் மனைவி நம்பினாள். பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரப்பர் கிளவுஸ் எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டாள்.

"சும்மா இரும்மா. நானே பயந்துபோய் உக்காந்திருக்கேன்."

திரையின் ஓரத்தில் 'வெளியிடு' என்று நீலமாக ஒரு பொத்தான். அதற்கு மேலே அவர் தட்டுத்தடுமாறி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து எழுதிய பதிவு. அதை அமுக்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாத பொத்தானை அமுக்குவதில்லை என்பது அவர் பிழைப்பு. அப்படி இருந்ததால்தான் இத்தனை வருஷம் கையும் காலுமாக வீடு திரும்பியிருக்கிறார்.

அவர் கூட்டாளிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எழுத வந்ததே அதற்காகத்தான்.

கூட்டாளியை அந்த மின்சார அலுவலகத்தில் எல்லோரும் அணில் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பத்தில் அவன் ஏறும் வேகத்துக்கு வைத்த பெயர். ஒரு புயலுக்கு மறுநாள், அறுந்த கம்பியைச் சேர்க்க அணில் மேலே ஏறினான். சோதித்துப் பார்த்தான், கரண்ட் இல்லை. கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த்தை மாட்டுவதற்காகக் கையை நீட்டிய நேரத்தில் அந்தத் தெருவின் ஒரு கடைக்காரர் தன் ஜெனரேட்டரை ஓடவிட்டார். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு ஒயர். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை சுவர் சாக்கெட்டில். கடைக்கு வெளிச்சம் வந்தது. மெயின் சுவிட்சை அணைக்காததால் அதே கரண்ட் வெளியே ஓடிக் கம்பிக்கும் வந்தது. அணில் கீழே வந்த வேகத்தை லைன்மேன் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வலது கை ஆஸ்பத்திரியோடு போயிற்று. இப்போது அணில் அலுவலகத்தில் புகார் போனை எடுத்துப் பேசுகிறான். பெயர் மட்டும் மாறவில்லை.

ஜெனரேட்டர்கள் மலிந்துவிட்டன. வீட்டுக்கு வீடு அந்த இரண்டு தலை ஒயர் தொங்குகிறது. அலுவலகம் சுவரில் நோட்டீஸ் ஒட்டியது. அதன் மேல் யாரோ பல் டாக்டர் விளம்பரம் ஒட்டினார்கள். லைன்மேன் வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தார். "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். விடுமுறைக்கு வந்த மகள்தான் வழி சொன்னாள்.

"எல்லாரும் போனைத்தான் பாத்துட்டிருக்காங்க. நீங்க அங்க போய் நில்லுங்கப்பா. இன்டர்நெட்டுல ஒரு பிளாக் ஆரம்பிச்சுத் தரேன், எழுதுங்க."

ஆரம்பித்தும் தந்தாள். "இங்க எழுதணும், இத அமுக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அவ்வளவுதான் என்று சொன்னவர்கள் எல்லாம் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களாகத்தான் இருக்கிறார்கள்.

அவள் சொன்னதோடு அவர் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. எந்த வேலையைத் தொடும் முன்னும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது பழக்கம். தேடினார். 'அமைப்புகள்' என்று ஓர் இடம் அகப்பட்டது. திறந்தால், மேலிருந்து கீழ்வரை வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகள். சில பச்சையாக, சில சாம்பலாக. பக்கத்தில் எழுதியிருந்த வார்த்தைகள் தமிழ்தான். ஆனாலும் படிக்கப் படிக்கக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. எது எங்கே போகிறது, எதைத் தொட்டால் எது எரியும், ஒன்றும் விளங்கவில்லை.

லைன் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் ஒரு லைன்மேன் என்ன செய்வாரோ அதையே அவரும் செய்தார். எல்லாவற்றையும் ஆஃப் செய்தார். ஒன்று பாக்கியில்லை. வரிசை முழுக்கச் சாம்பல் நிறமானதும்தான் மூச்சு சீராக வந்தது.

அதன் பிறகுதான் மனைவி பார்த்துக்கொண்டிருக்கக் கண்ணை மூடிக்கொண்டு அந்த நீலப் பொத்தானை அமுக்கினார். 'வெளியிடப்பட்டது' என்றது திரை. ஒன்றும் வெடிக்கவில்லை.

"இதுக்குத்தான் இவ்வளவு நேரமா?" என்று மனைவி உள்ளே போய்விட்டாள்.

முதல் பதிவு அணில் விழுந்த கதை. அவன் பெயரைப் போடவில்லை, அவனிடம் சொல்லவும் இல்லை. சொல்ல வாய் வரவில்லை. அடுத்தது அந்த ஒயரைப் பற்றி. அதற்கடுத்தது, கம்பத்தில் ஆள் இருக்கும்போது கீழே சுவிட்சில் தொங்கவிடும் அட்டையைப் பற்றி. 'லைனில் ஆள் இருக்கிறார்' என்று அதில் எழுதியிருக்கும். மாட்டியவன்தான் அதைக் கழற்ற வேண்டும். பெரிய அதிகாரியே வந்தாலும் தொடக்கூடாது. வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்து எழுதினார். மகள் தன் போனில் படித்துவிட்டு, "நல்லா இருக்குப்பா" என்று செய்தி அனுப்பினாள். கணக்கு அவள் போனிலும் திறந்திருந்தது. அவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்ன.

மற்றபடி ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் என்ற இடத்தில் நின்ற சைபர் அசையவே இல்லை. மருந்துக்கடைக்காரரிடம் முகவரியை எழுதிக் கொடுத்திருந்தார். "தேடினேன், திறக்க மாட்டேங்குதே" என்றார் அவர். படிக்காமலிருக்க ஒரு சாக்கு என்று லைன்மேன் நினைத்துக்கொண்டார். வெளியே சிரித்து வைத்தார். உள்ளே வலித்தது. வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தியபோதுகூட அவருக்கு இப்படி வலித்ததில்லை, ஏனென்றால் அப்போது அணிலின் கதையை அவர் சொல்லியிருக்கவில்லை.

புயல் வரப்போகிறது என்று வானொலி சொன்ன அன்று, மூன்றாவது தெருவில் ஒரு வண்டியிலிருந்து புத்தம்புது ஜெனரேட்டரை இறக்குவதைப் பார்த்தார். வீட்டுக்காரரிடம் வாய் திறக்கப் போனார். அவர் போனில் பேசியபடியே கையை அசைத்து உள்ளே போய்விட்டார். லைன்மேன் நேராக அலுவலகம் வந்து, அணிலின் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த எழுதற வேலையெல்லாம் நமக்கு ஒத்துவராதுடா. விட்டுடலாம்னு இருக்கேன்."

"என்ன எழுதற வேலை?" என்றான் அணில்.

அப்போதுதான் சொல்லவேண்டி வந்தது. பாதியை மென்று விழுங்கி, மீதியைச் சொல்லி முடித்தார். அணில் இடது கையால் அலுவலகக் கம்ப்யூட்டரின் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான்.

"அட்ரஸைச் சொல்லு."

சொன்னார். அணில் ஒரு விரலால் தட்டினான். பக்கம் வந்தது. வெள்ளையாக, நடுவில் ஒரே ஒரு வரி: 'இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை.'

"என் கதையைப் பாக்க எனக்கே அனுமதி இல்லையாம்" என்றான் அணில்.

லைன்மேனுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "என் வீட்டுல தெரியுதே."

"நீ உள்ள உக்காந்திருக்க, உனக்குத் தெரியும். சுவிட்ச் எதையாவது தொட்டியா?"

"தொட்டேன்."

"எத?"

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன்."

அணில் அவரையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். விழுந்த நாளுக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து லைன்மேன் பார்த்ததில்லை. புகார் போன் அடித்தது. அதை எடுத்து "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தான்.

"வாசலை இழுத்துப் பூட்டிட்டு, ஒருத்தனும் வரலைன்னு உள்ள உக்காந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கியேடா."

"எது எங்க போவுதுன்னு தெரியாம ஆன் பண்ணமாட்டேன். நீ பண்ணுவியா?" என்றார் லைன்மேன், கோபமாக.

அணிலின் சிரிப்பு நின்றது. கேள்வி நியாயமானது என்று அவனுக்குத் தெரியும்.

"மாட்டேன்" என்றான். "ஆனா ஃபியூஸ் பெட்டியில பேர் அழிஞ்சிருந்தா நாம என்ன செய்வோம்? நீ பெட்டிகிட்ட நிப்ப. நான் தெருவுல நின்னு எந்த விளக்கு எரியுதுன்னு பாப்பேன். ஒவ்வொண்ணா போட்டுப் பாப்போம். வீட்டுக்குப் போ. நான் இங்க தெருவுல நிக்கறேன்."

அன்று சாயங்காலம் லைன்மேன் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். மனைவி இந்த முறை உள்ளே போகவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். அவர் முதல் சுவிட்சைத் தட்டினார். அது பச்சையானது.

"எரியுதா?"

"எரியலை" என்றது அணிலின் குரல்.

அடுத்தது.

"எரியுதா?"

"எரியலை. ஆனா பக்கம் பூரா கறுப்பாயிடுச்சுப்பா. என்ன பண்ணுன?"

லைன்மேனுக்கு வியர்த்துவிட்டது. விரல் தானாகவே திரும்பப் போய் அதை ஆஃப் செய்தது. "இப்போ?"

"பழையபடி வெள்ளை."

லைன்மேன் திரையைப் பார்த்தார். ஆஃப் செய்தால் பழையபடி ஆகிறது. யாரும் கீழே விழவில்லை. அவருக்கு இதுவரை தெரிந்த கரண்ட் அப்படிப்பட்டதல்ல. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, கறுப்பாக்கும் சுவிட்சை வேண்டுமென்றே இன்னொரு முறை போட்டார்.

"கறுப்பு" என்றான் அணில். "விளையாடறியா?"

"ஆமாண்டா" என்றார் லைன்மேன். அதைச் சொல்லும்போது அவருக்கே வியப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு கை தயங்கவில்லை. ஒன்று போட்டார், கேட்டார். அடுத்தது போட்டார், கேட்டார். 'எல்லோரும் காணலாம்' என்ற சுவிட்சுக்கு வந்ததும் மட்டும் ஒரு நொடி நின்று படித்தார். முன்பே படித்த வார்த்தைகள்தான். இப்போது விளங்கின.

"எரியுதா?"

தோளை உயர்த்திப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அணிலு, எரியுதா?"

"எரியுது" என்றான் அணில். "இரு, படிக்கறேன்."

லைன்மேன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. இதைவிட அன்றைக்கே அவனிடம் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம் என்று தோன்றியது. மனைவி அவர் தோளில் கையை வைத்தாள்.

"நீ கீழ நின்னு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தியா?" என்று கடைசியில் கேட்டான் அணில். "எனக்கு அது தெரியாதே."

"கூப்பிட்டேன்."

"ஜெனரேட்டர் போட்ட கடைக்காரர் பேரை நீ போடலை."

"போடலை. அவருக்கும்தான் தெரியாதே, கம்பியில ஆள் இருக்குன்னு."

"ம்" என்றான் அணில். "சரி, என் பேரைப் போடு. அணில்னே போடு. இனிமே புகார் சொல்லக் கூப்பிடறவங்க எல்லாருக்கும் இந்த அட்ரஸைக் கொடுத்துட்டுத்தான் போனை வைப்பேன்."

சொன்னபடியே செய்தான். ஃபியூஸ் போனவருக்கும் கொடுத்தான், பில் அதிகம் என்று திட்டக் கூப்பிட்டவருக்கும் கொடுத்தான். அசையாத சைபர் அசைந்தது. "இப்போ திறக்குதுங்க" என்றார் மருந்துக்கடைக்காரர், ஏதோ தன் மேல் விழுந்த பழி நீங்கியது போல. லைன்மேன் அவரிடம் மனதார மன்னிப்புக் கேட்டார்.

புயல் சொன்னபடி வந்து, சாய்த்ததைச் சாய்த்துவிட்டுப் போனது. மறுநாள் காலை லைன்மேன் மூன்றாவது தெருவில், முறிந்த கிளைகளுக்கு நடுவே ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. ஜெனரேட்டர். வண்டியிலிருந்து இறங்கிய அதே புதுசு.

கால் ஏணிப்படியிலேயே நின்றது. இறங்கி அந்த வீட்டை நோக்கி நடந்தார். திட்டுவதற்கு வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. கேட் திறந்திருந்தது. ஜெனரேட்டரிலிருந்து போன ஒயர் சுவருக்குள் போகவில்லை. ஜன்னல் வழியாக நுழைந்து, உள்ளே ஒரு மின்விசிறிக்கு நேராகப் போயிற்று. முன்பக்கச் சுவரில் மெயின் சுவிட்ச் ஆஃப் ஆகியிருந்தது. அதன் கைப்பிடியில் நூல் கட்டி, செருப்புப் பெட்டியிலிருந்து வெட்டிய ஓர் அட்டை தொங்கியது. நீல மையில், மழைச்சாரலில் கொஞ்சம் கரைந்து, கோணல்மாணலாக எழுதியிருந்தார்கள்:

லைனில் ஆள் இருக்கிறார். இவர் பேர் அணில்.

வீட்டுக்காரர் கதவருகே வந்தார். அவருக்கு லைன்மேனை அடையாளம் தெரியவில்லை. "வேலை முடிஞ்சதும் சொல்லுங்க, அப்புறம் கழட்டிக்கறோம்" என்றார். "மாட்டினவங்கதான் கழட்டணுமாமே."

லைன்மேன் அட்டையை இன்னொரு முறை படித்துவிட்டு, தலையை ஆட்டினார். தெருவுக்கு வந்து போனை எடுத்தார். புகார் எண் முதல் மணியிலேயே கிடைத்தது.

"அணிலு" என்றார். "எரியுதுடா."

"கரண்டே இல்லாதப்போ என்ன எரியுது?" என்று கேட்டான் அணில்.

"வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, எப்போதும்போல நீளக் கோலால் கம்பியைச் சோதித்து, எர்த்தை மாட்டிவிட்டு, மேலே ஏறினார்.