ஐந்தாவது பாட்டு

இசைத்தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான் தேவதாஸ். அதில் தூசி இல்லை. இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டியிருக்கலாம். காஜா பேராங் கம்போங்கின் தெருக்களில் மெர்டேக்கா சுதந்திர விழாவுக்குக் கட்டிய கொடிகளைக்கூட இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. அதற்குள் மாமியார் வீட்டுக் கூடத்தில் செட்டிக் குடும்பம் மொத்தமும் பாட்டுக் கேட்கக் கூடிவிட்டது.

கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு அவன் கட்டியவை ஐந்து பாட்டுகள். சிங்கப்பூருக்குப் போய் ஐந்தையும் பாடிக் கொடுத்தான். தட்டில் வந்தவை நான்கு. விட்டுப்போனது மனைவி விஜயாவுக்காகக் கட்டிய பாட்டு. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட இந்தச் செட்டிகள் வீட்டில் பேசுவது மலாய். அவளுக்குத் தமிழ் கல்யாணத்துக்குப் பிறகு ஒட்டிக்கொண்டதுதான். அதனால் அந்தத் தமிழ்ப் பாட்டில் அடிக்கு அடி 'சாயாங்' என்று அவளுடைய சொல்லையே வைத்திருந்தான். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"தமிழ்ப் பாட்டுல இது எதுக்கு தம்பி? வேணாம்."

இதை அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவளோ, எனக்கென்று ஒரு பாட்டு வருகிறது என்று கம்போங் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். தமிழனைக் கட்டி என்ன கண்டாய் என்று இத்தனை நாள் குத்திக்காட்டிய அவள் அக்கா பாக்கியலட்சுமிதான் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

முதல் பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டான். மூன்றாவது பாட்டும் போய்விட்டது. கடைசியாகத் தோட்டத்து மாட்டு வண்டிப் பாட்டு. அந்தச் சனியன் பிடித்த மாடு இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகக்கூடாதா?

"மானா லு புஞ்யா லாகு?" உன் பாட்டு எங்கே என்று அக்கா கேட்டாள்.

விஜயா அவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இனிலா," என்றாள் விஜயா. இதுதான்.

தட்டில் தேவதாஸ் நொண்டி மாட்டை ஹை, ஹை என்று அதட்டிக்கொண்டிருந்தான். தமிழ் தெரியாத அக்கா கண்ணை மூடி, உருகிப்போய்க் கேட்டாள்.

பாட்டு முடிந்ததும் எல்லோரும் பலகாரம் தின்னப் பின்கட்டுக்குப் போனார்கள்.

"அந்தப் பாட்ட எடுத்துட்டாங்க விஜயா. பயத்துல சொல்லல," என்றான்.

அவள் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சாயாங்," என்றாள்.

அன்பே என்றாலும் அந்தச் சொல்தான். ஐயோ, வீணாகிப்போச்சே என்றாலும் அதே சொல்தான். எதைச் சொன்னாள் என்று கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை. பாட்டில்லாத நடுவட்டத்தில் முள் உரச, தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது.