குளியலறையில் அப்பா

ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பேரே பம்பரம். அப்படிப்பட்டவளைத்தான் மூன்று மணி நேரம் ஆடாமல் அசையாமல் கேமரா முன்னால் உட்காரச் சொல்லியிருந்தது பல்கலைக்கழகம். கடைசி வருடம், கடைசிப் பரீட்சை. அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது. திரையை விட்டுக் கண் விலகினால் எச்சரிக்கை. மூன்றாவதோடு பரீட்சை ரத்து, வருடமும் போச்சு. இந்தச் சட்டம் போட்ட புண்ணியவானுக்கு ஒற்றை அறை வீடு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது போல.

அம்மா ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போய்விட்டாள். பஸ் ஓடாததால் டிரைவர் அப்பா மூன்று மாதமாக வீட்டோடுதான். வெளியே ஊரடங்கு. அவருக்கு நாலு நாளாக இருமல் வேறு. இருமுகிற ஆளை அந்த நேரத்தில் யார் தங்கள் வாசலில் நிற்க விடுவார்கள்?

"நான் பாத்ரூம்ல உட்கார்ந்துக்கறேன். மூச்சுக்கூட விடமாட்டேன், போதுமா?" என்று அப்பா வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

முதல் இருமலுக்கே அவள் கண் தானாகக் கதவுப் பக்கம் போனது. எச்சரிக்கை ஒன்று என்றது திரை. கொஞ்ச நேரத்தில் விடாமல் இருமினார். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை, மறுபடி திரும்பிவிட்டாள். எச்சரிக்கை இரண்டு. கொஞ்சம் அடக்கிக்கோங்களேன் அப்பா என்று மனசுக்குள் கெஞ்சினாள். அது காதில் விழுந்த மாதிரி இருமல் நின்றது.

நின்றதுதான் வினை. பத்து நிமிடமாகச் சத்தமே இல்லை. வாளி நகரும் ஓசைகூட இல்லை. பாக்கி ஆறே கேள்வி, அத்தனையும் தெரிந்த கேள்வி. எழுத்து கண்ணில் படுகிறது, மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது. இருமித் தொலையுங்களேன் அப்பா, ஒரே ஒரு தடவை! வருடம் போனால் போகட்டும் என்று எழுந்து ஓடிக் கதவைத் தள்ளினாள்.

அப்பா துண்டை வாயில் திணித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் பதறிப்போய், போ போ என்று இரண்டு கையாலும் விரட்டினார்.

அவள் துண்டைப் பிடுங்கினாள்.

"பரீட்சை?" என்றார் மூச்சு வாங்க.

திரும்பிப் பார்த்தாள். ரத்து என்று திரை முழுக்கச் சிவப்பாக எழுதியிருந்தது.

"முடிச்சிட்டேன்ப்பா. நல்லா எழுதியிருக்கேன்."

"அப்பாடா!" என்று சுவரில் சாய்ந்தார். அதற்குப் பிறகுதான் அந்த மனுஷர் வீடே அதிர, ஆசை தீர இருமினார்.