ஆயுத பூஜைக்கு மறுநாள் சர்வர் எடுக்கவில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் வாயைப் பிடுங்க வேண்டாம்.

விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளடங்கின தெருவில் ஒரு சின்ன கிளினிக். சர்க்கரைக்கு மாத்திரை எழுதி வாங்க மாதாமாதம் போகிற இடம். அன்றைக்கு விஜயதசமி. முதல் நாள் உடைத்த பூசணிக்காயை மிதிக்காமல் தாண்டிப் போய் உட்கார்ந்தேன். எடை பார்க்கும் மெஷின், பிரஷர் பார்க்கும் கருவி, கம்ப்யூட்டர், ஊசி போடுகிற கட்டில் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ரிசப்ஷன் மேஜைக்கு அடியில் ஒரு பெண் தலையை விட்டு ஒயர்களை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர் பெஞ்சில் இன்னொரு பெண்மணி, வலது காலில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சர்வர் எடுக்கல, கொஞ்சம் பொறுங்க" என்று ரிசப்ஷனில் இருந்தவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கண்டது இவ்வளவுதான். (இன்னும் ஒன்று உண்டு. அதை இப்போது சொன்னால் மிச்சத்தை எழுத எனக்குத் தெம்பு இருக்காது. கடைசியில் சொல்கிறேன்.) மற்றதெல்லாம் நான் சேர்த்தது. பெயர்களும் நான் வைத்தவை. மேஜைக்கு அடியில் இருந்தவள் நாகஜோதி. காலில் துண்டு சுற்றியவர் மலையம்மாள். ரிசப்ஷனில் முனீஸ்வரி.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

நாகஜோதி எத்தனையோ சர்வர்களோடு மல்லுக்கட்டியவள். ஆனால் இந்த சர்வர் அவளை —

அடித்துவிட்டேன். சர்வர் யாரையும் எதுவும் செய்வதில்லை. அது ஒரு பெட்டி.

இரண்டாவது:

வலியில் துடித்துக்கொண்டிருந்த மலையம்மாளின் கண்களில் —

இதுவும் பொய். அவர் துடிக்கவே இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். துடித்திருந்தால் நாங்கள் எல்லோரும் எழுந்து ஓடியிருப்போமே.

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன்:

சோழவந்தானில் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் மலையம்மாளுக்குக் காலில் முள் குத்தியது. சர்க்கரை உடம்பு. முள் குத்திய இடம் புண்ணாகி, புறங்கால் முழுக்கச் சிவந்து, இப்போது சிவப்பு கெண்டைக்காலைத் தொட்டிருந்தது. ஊசி போட்டாக வேண்டும். ஆனால் போன வருடம் இதே கிளினிக்கில் ஓர் ஊசி போட்டு, முகமெல்லாம் வீங்கி, மூச்சு முட்டிப் பிழைத்தவர் அவர். அது எந்த ஊசி என்பது அப்போதிருந்த டாக்டர் பெரியவருக்குத் தெரியும். அவர் ஓய்வு பெற்று மகளோடு வெளிநாடு போய்விட்டார். புதிதாக வந்திருக்கும் டாக்டர் பத்மாசினிக்குத் தெரியாது.

"என்ன ஊசின்னு ஞாபகம் இருக்காம்மா?"

"வெள்ளையா இருந்துச்சுங்க டாக்டரம்மா."

"எல்லாமே வெள்ளைதான்" என்றார் பத்மாசினி. கோபமாகச் சொல்லவில்லை. "தெரியாம நான் கை வைக்க மாட்டேன். பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தரவா?"

"அங்க போனா காலை எடுத்துப்புடுவாங்க. எங்க தெருவுல ரெண்டு பேருக்கு எடுத்துட்டாங்க. நான் போமாட்டேன்."

"அப்ப கொஞ்ச நேரம் உக்காருங்க. கம்ப்யூட்டர்ல உங்க பேர்ல எல்லாம் இருக்கு. வந்துரும்."

ஆகக் கதையில் பணயம் ஒரு கால். சர்வர் எடுக்கும்வரை மலையம்மாள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். சலித்துப்போய் எழுந்து ஊருக்குப் போய்விட்டால், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டிக்கொண்டு கிடப்பார். பிறகு அந்தக் காலை யாரும் காப்பாற்ற முடியாது.

3

நாகஜோதியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அவளை ரொம்ப நல்லவளாக எழுதிக்கொண்டு போகிறேனோ என்று.

மருத்துவக் குறிப்புகளை வைத்துக்கொள்ள ஒரு மென்பொருள் இருக்கிறது. எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள் என்று சும்மா விட்டிருக்கிறார்கள். அதை இந்த மாதிரிச் சின்ன கிளினிக்குகளில் நிறுவிக் கொடுப்பது அவள் வேலை. ஆசையாகச் செய்கிற வேலை. "அட்டையெல்லாம் எதுக்கு, கரையான் திங்கவா?" என்று கேட்டு, பழைய அட்டைகளை எடைக்குப் போட வைத்ததே அவள்தான். அதுவரை சரி.

ஆனால் நிறுவிய நாளில் அவளுக்கு அவசரம். சாயங்காலம் இன்னொரு இடத்தில் நிறுவ வேண்டியிருந்தது. முனீஸ்வரிக்கு ஓட்டமாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"போன் நம்பர் போடாம சேவ் ஆகாதுக்கா. கட்டாயம்னு நான்தான் டிக் அடிச்சு வச்சிருக்கேன்."

"போன் இல்லாதவங்களுக்கு என்னத்தப் போட?"

"இப்பல்லாம் யாருக்குக்கா போன் இல்ல? அப்படி வந்தா ஏதாச்சும் ஒண்ணப் போட்டு விடுங்க."

(இந்த இடத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். கதை வேகத்துக்கு இடைஞ்சல். இருக்கட்டும்.)

4

சர்வர் ஏன் எடுக்கவில்லை? அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஆயுத பூஜை அன்று முனீஸ்வரி எல்லாவற்றையும் அணைத்து, துடைத்து, பொட்டு வைத்தார். கிளினிக்கின் ஒயர்கள் எல்லாம் வந்து சேருகிற சின்னப் பெட்டி ஒன்று சுவரில் இருக்கிறது, ஹப் என்பார்கள். அதில் ஒயர்களை உருவிவிட்டு, வரிசையாக இருந்த துளைகளில் ஒன்று விடாமல், ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம் வைத்தார். பன்னீர் கூடிப்போன சந்தனம். வடிந்து உள்ளே இறங்கி, விடிவதற்குள் காய்ந்துவிட்டது. காலையில் தீபாராதனை காட்டி ஒயர்களைத் திரும்பச் சொருகினார். இணைப்பு வந்தது, போனது, வந்தது, போனது.

முனீஸ்வரி மேல் கோபப்படாதீர்கள். தினமும் சோறு போடுகிற சாமானுக்கு ஒரு நாள் பொட்டு வைப்பதில் என்ன தப்பு இருக்கிறது.

ஒரேயடியாக அறுந்திருந்தால் நாகஜோதி ஒயரைச் சந்தேகப்பட்டிருப்பாள். விட்டு விட்டு வந்ததால் தன்னைச் சந்தேகப்பட்டாள். சர்வர் பெட்டி இருந்தது பின்னால் மருந்து அறையில். அதற்குத் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. எதுவாக இருந்தாலும் ரிசப்ஷன் கம்ப்யூட்டரிலிருந்துதான் அதோடு பேச வேண்டும். குறிப்புகளை வைத்திருக்கும் தரவுத்தளம் ஓடுகிறதா என்று பார்த்தாள், ஓடியது. பாஸ்வேர்டு மாறிவிட்டதா என்று பார்த்தாள். பாதியில் இணைப்பு போனது. ஃபயர்வால் மறித்திருக்கும் என்று அதை இறக்கிவிட்டாள். கடைசியில் ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவ ஆரம்பித்தாள். அந்த மென்பொருளை எழுதியவர்களின் மன்றத்திலும் கேள்வி போட்டுவைத்தாள். நமக்குப் பகல் என்றால் அவர்களுக்கு இரவு. யாரும் பதில் சொல்லவில்லை.

"இன்னும் எம்புட்டு நேரம் ஆகும்த்தா?" என்று பெஞ்சிலிருந்து மலையம்மாள் கேட்டார்.

"இந்தா முடிஞ்சிரும்மா. அஞ்சே நிமிசம்."

அவள் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னாள். நம்பிச் சொல்வதனால்தான் அந்த அஞ்சு நிமிஷம் முடியவே மாட்டேன் என்கிறது.

இப்போது சந்தனத்தை யார் பார்ப்பது? கூட்ட வருகிற அம்மாள் பார்த்து, "இதுல சந்தனம் இறங்கியிருக்கு பாரு தாயி" என்று சொல்லிப் படித்தவர்களை எல்லாம் வெட்கப்பட வைக்கலாம். அந்தக் கதையை நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். நானும் எழுதியிருக்கிறேன். வேண்டாம்.

5

இதுவரை எழுதியதைக் கார்த்திகேஷிடம் காட்டினேன். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன், ஆரப்பாளையத்தில் கடை வைத்திருக்கிறான். டெக்னிக்கலாகத் தப்பு இருந்தால் சொல்லு மாப்ள என்று கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, கோவிச்சுக்கக் கூடாது. ரிசப்ஷன்ல இருக்க மானிட்டரத் தூக்கிட்டுப் போயி அந்தப் பெட்டியில நேரா சொருகுனாத் தீந்துச்சு. ஹப்பு என்னத்துக்கு, ஒயரு என்னத்துக்கு? அந்தம்மா பேரை அடிச்சா எல்லாம் அங்கனயே வந்துரும்."

எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. "அப்படிப் பண்ணுனா கதை ரெண்டாவது பக்கத்துலயே முடிஞ்சிருமேடா."

"முடியட்டும்ணே. உங்களுக்குக் கால் முக்கியமா, கதை முக்கியமா?"

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஓட்டையை அடைக்க வழி இருக்கத்தான் செய்கிறது. சர்வரைக் கொண்டுபோய் வேறு ஊரில் வைக்கலாம். மானிட்டர் ஒயர் பொருந்தாது என்று ஒரு வரி எழுதலாம். எவனுக்குத் தெரியப்போகிறது? ஆனால் எழுத உட்கார்ந்தபோது வேறொன்று உறைத்தது. இத்தனை நாள் இந்தக் கதையைச் சுமந்துகொண்டு திரிந்த எனக்கே அது தோன்றவில்லை. அறுந்ததைச் சரிபண்ணுவதிலேயே நானும் குறியாக இருந்தேன். நாகஜோதியும் அப்படித்தான் இருந்திருப்பாள். ஆகவே அடைக்கவில்லை. அவளுக்கும் தோன்றட்டும். எனக்குத் தோன்றியது போலவே தாமதமாக.

6

பாதி நிறுவலில் மறுபடியும் இணைப்பு போனது. நாகஜோதி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அக்கா, கீபோர்டை எடுத்துட்டு வாங்க. அய்யோ, நான் ஒரு கூறுகெட்டவ."

மானிட்டரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு மருந்து அறைக்கு ஓடினாள். சந்தனப் பொட்டு அவள் சுடிதாரில் ஒட்டியது. பெட்டியில் சொருகினாள். திரை விழித்தது. மலையம்மாள், சோழவந்தான் என்று அடித்ததும் ஒரே ஒரு பெயர் வந்து நின்றது. பெரியவர் எழுதியது அப்படியே இருந்தது: செஃப்ட்ரியாக்சோன் ஊசி, முகம் வீக்கம், மூச்சுத் திணறல், இனி எக்காலத்திலும் போடக் கூடாது.

பத்மாசினி பின்னாலேயே வந்து நின்று படித்தார். "நான் எதைப் போடலாம்னு நெனச்சேனோ அதேதான்" என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது. திரையிலிருந்து திரும்பி, "இது தெரிஞ்சா போதும். வேற ஊசி நம்மகிட்டயே இருக்கு. காலைக் காப்பாத்திரலாம். அந்தம்மாவைக் கூப்பிடுங்க."

முனீஸ்வரி வெளியே வந்து பார்த்தார். பெஞ்சில் துண்டிலிருந்து சொட்டிய ஈரம் மட்டும் இருந்தது. வாசலுக்கு ஓடினார், தெருமுனைவரை போனார். ரோட்டில் சோழவந்தான் பஸ் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது.

"பதறாதீங்க" என்றார் பத்மாசினி. "ரெக்கார்டுல நம்பர் இருக்குல்ல? நாகஜோதி, சொல்லும்மா."

நாகஜோதி ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். ஒயர் இல்லாத ரிசீவரில் பத்மாசினி அமுக்கிக்கொண்டே ரிசப்ஷனுக்கு வந்தார்.

7

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். இது நான் சேர்த்ததில்லை.

டாக்டரம்மா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார். "ரிங் போகுது" என்றார். அதே நேரம் ரிசப்ஷன் மேஜையில், டோக்கன் அட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்த செல்போனில் நாதஸ்வரம் ஒலித்தது. ரிசப்ஷனில் இருந்த அந்தப் பெண் போனைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், எடுக்கவில்லை. மங்கலமான வாசிப்பு. கல்யாண வீட்டில் கேட்பது. எதிர் பெஞ்சு காலியாக இருந்தது.

அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் டோக்கனைக் கூப்பிட்டார்கள், மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் என்னை விடவில்லை. அந்த முகம் ஏன் அப்படி ஆனது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான் இவ்வளவையும் எழுதினேன். கட்டாயம் என்று ஒருத்தி அடித்த டிக். போன் இல்லாத ஒருவர். பாவம், காத்திருக்கிறாரே என்று தன் நம்பரையே போட்டுச் சேர்த்துவிட்ட இன்னொருவர். எத்தனை பேர் பெயருக்கு எதிரே அதே நம்பர் இருக்கிறதோ, அதை எண்ணிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

8

முடிவுகள்.

ஒன்று: நாகஜோதி வண்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸைத் துரத்துகிறாள். சமயநல்லூரில் மறித்து, ஏறி, ஒவ்வொரு சீட்டாக —

எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. அவர் அந்த பஸ்ஸில்தான் ஏறினார் என்று யார் சொன்னது?

இரண்டு: சில மாதம் கழித்து பெரியாஸ்பத்திரி வாசலில், சக்கர நாற்காலியில் —

மாட்டேன். எழுத மாட்டேன்.

மூன்று: சாயங்காலம் நாகஜோதி ஹப்பைக் கழற்றி, காய்ந்த சந்தனத்தைக் குச்சியால் சுரண்டி எடுக்கிறாள். இணைப்பு நிற்காமல் வருகிறது. கட்டாயம் என்றிருந்த டிக்கை எடுத்துவிடுகிறாள். பக்கத்தில் முனீஸ்வரி உட்கார்ந்து அழுகிறார். "நான் சொன்னதத்தானக்கா செஞ்சீங்க" என்று இவள் சொல்கிறாள். இது நடந்திருக்கும். ஆனால் இது அவர்கள் இரண்டு பேருக்கான முடிவு. மலையம்மாளுக்கு இதில் ஒன்றும் இல்லை.

அந்த மென்பொருளை எழுதியவர்கள் செய்ததையே நானும் செய்கிறேன். கதையைத் திறந்தே விடுகிறேன். எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள், வேண்டாததை அடித்துவிடுங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். சோழவந்தான் பக்கம் போகிற பஸ்ஸில், வலது காலில் ஈரத்துண்டு சுற்றி, வலியைக் காட்டாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் பெயர் மலையம்மாளாக இருக்காது. பரவாயில்லை. "அம்மா, உங்களுக்குச் சேராத ஊசி எதுன்னு தெரிஞ்சிருச்சு. வேற மருந்து இருக்கு. காலை எடுக்க மாட்டாங்க. வாங்க, திரும்பிப் போவோம்" என்று சொல்லுங்கள்.

அவரைக் கூப்பிட என்னிடம் இருக்கிற நம்பருக்கு அடித்தால், அது முனீஸ்வரியின் மேஜையில்தான் ஒலிக்கிறது.