மேல் ஓரம் மூன்று அங்குலம்

அந்த மலை மாவட்டத்தின் பத்திரப் பதிவகத்தில் வெர்லா உட்கார்ந்து முப்பத்தொரு ஆண்டுகள் ஆகின்றன. கடவுளே இறங்கி வந்து சொர்க்கத்தைப் பதியக் கொடுத்தாலும், முதல் பக்கத்தின் மேல் ஓரம் மூன்று அங்குலம் காலியாக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுத்தான் முத்திரையைத் தொடுவாள். அவள் திருப்பியனுப்பிய பத்திரங்களை அடுக்கினால் அந்த ஊருக்கு இன்னொரு மலை கிடைத்திருக்கும்.

திங்கட்கிழமை டெஸ்ஸியையும் அப்படித்தான் திருப்பியனுப்பினாள். பன்னிரண்டு வருடம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் என்று, மாமா ஹோபார்ட் சாகும் முன் தன் வீட்டை அவளுக்கு எழுதி வைத்திருந்தார். கையெழுத்துக்குச் சான்றளித்த நோட்டரிதான் தன் உரிமம் முடியும் தேதியைப் போட மறந்திருந்தான். ஒரே ஒரு தேதிதானே என்று டெஸ்ஸி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். வெர்லா அசையவில்லை.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு லாயிட் காடிஸ் வந்தார். நோயாளிகளைப் பார்க்க ஒரு கையில் ஆப்பிள் பையும் கையெழுத்து வாங்க இன்னொரு கையில் பேனாவுமாகப் போகிறவர். அவர் எடுத்து வைத்த பத்திரமும் அதே வீட்டுக்குத்தான். அடியில் ஹோபார்ட்டின் நடுங்கிய கையெழுத்து.

அந்த மாநிலத்துச் சட்டத்தில் எது முதலில் எழுதப்பட்டது என்ற கேள்வியே கிடையாது. எதில் முதலில் முத்திரை விழுகிறதோ அதற்குத்தான் வீடு. காகிதத்தில் குறையில்லாவிட்டால் வெர்லா பதிந்தே ஆக வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே டெஸ்ஸியின் நீல வண்டி தெரிந்தது. சந்தை நாள். வண்டி நிறுத்த இடமில்லாமல் நீதிமன்றச் சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

வெர்லா ஸ்கேலை எடுத்தாள். மேல் ஓரத்தை அளந்தாள். மறுபடியும் அளந்தாள். பக்கவாட்டு ஓரங்களை ஒரு யுகம் அளந்தாள். வண்டி மூன்றாவது சுற்று வந்தது.

காடிஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். "மூணு அங்குலம் சரியா இருக்கும், மிஸ் வெர்லா. நீங்க ரொம்பக் கறார்னு சொன்னாங்க. அதான் வீட்லயே நாலு தடவ அளந்துட்டு வந்தேன்."

நோட்டரியின் தேதியும் இருந்தது. இத்தனை சுத்தமான பத்திரத்தை அவள் தன் ஆயுளில் பார்த்ததில்லை. ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. முப்பத்தொரு வருடப் பழக்கம் அதை விழுங்கிவிட்டது.

முத்திரை விழுந்தது. பத்து நாற்பத்தொன்று.

பத்து நாற்பத்து நான்குக்கு டெஸ்ஸி மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். அவளுடைய பத்திரத்திலும் இப்போது ஒரு குறையும் இல்லை. வெர்லா அதையும் பதிந்தாள்.

"இனிமே வீடு என்னோடதுதானே, மிஸ் வெர்லா?"

சட்ட ஆலோசனை சொன்னால் வேலை போய்விடும். சொல்ல அனுமதி இருந்தது ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான். "ஒரு நல்ல வக்கீலப் போய்ப் பாரு, கண்ணு."

இனிமேல் எனக்கு எதற்கு வக்கீல் என்று டெஸ்ஸி சிரித்துவிட்டுத் திரும்பினாள். காடிஸ் தொப்பியைக் கழற்றி, அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தார்.

"உங்க மாமா தங்கமான மனுஷன்மா. வீட்டுச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

டெஸ்ஸி நன்றி சொல்லி, கைப்பையைத் தட்டிக் காட்டினாள்.